ஜெர்மனிக்குப் போகவேண்டிய படம்

சஹானாவின் படத்தைப் பார்க்க மார்கரெட் போனதே பிரபாவதியின் முகத்துக்காகத்தான். இருவரும் கல்பாக்கத்தில் ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர்கள். பிரபாவதியின் ஒரே மகள் சஹானா. என்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கேமராவும் கையுமாக ஊர் ஊராகப் போகிறாளே என்று ஏழெட்டு வருஷம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பிரபாவதிக்கு இப்போது தலைகால் புரியவில்லை. மகள் எடுத்த ஆவணப்படத்தை ஜெர்மனியில் ஒரு திரைப்பட விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே போவதற்கு முன்னால் நம்ம ஜனங்கள் பார்க்க வேண்டாமா என்று அவளே டவுன்ஷிப் சமுதாயக் கூடத்துக்குச் சொல்லி, டீக்கும் போண்டாவுக்கும் ஏற்பாடு செய்து, மேஜை மேஜையாக வந்து அழைத்துவிட்டுப் போனாள். 2003ஆம் வருஷம், ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி.

மார்கரெட்டுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது. மகள் சிநேகாவுக்கு ஜூனில் நிச்சயம் ஆகியிருந்தது, ஜனவரியில் கல்யாணம். சிநேகா நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். மாப்பிள்ளை வீடு படூர். பத்திரிகை மாடல் பார்க்கக் கணவர் ஜானகிராமனோடு செங்கல்பட்டு போவதாக இருந்ததை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு வந்து, மூன்றாவது வரிசையில் பிரபாவதியின் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

படம் தொழுநோய் இல்லம் ஒன்றைப் பற்றியது. செங்கல்பட்டைத் தாண்டி, ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கிற இல்லம். நோய் குணமாகி முப்பது நாற்பது வருஷம் ஆகியும் வீட்டுக்குத் திரும்பாதவர்கள் அங்கே எண்பது பேர் இருந்தார்கள். திரும்பாததற்குக் காரணம், அவர்களில் பாதிப் பேர் ஊரில் எப்போதோ செத்துப்போனவர்கள். வீட்டார் அப்படிச் சொல்லிவிட்டார்கள். கருப்பன் என்று ஒரு கிழவர், தன் கருமாதி அன்றைக்கு ஊரார் தன் தம்பிக்குத் தலைப்பாகை கட்டிய கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கூடத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மார்கரெட்டும் கொட்டினாள்.

அடுத்து ஒரு தறி வந்தது. கட்டுப்போடும் துணி நெய்கிற தறி. அதில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் முதல் கணுவோடு நின்றுவிட்டிருந்தன. அந்தக் கைகளால் நூல் ஓட்டும் நாடாவை அத்தனை வேகமாகத் தள்ளிக்கொண்டே பேசினாள். பெயர் சலோமி என்றாள்.

“ஊரு புளியந்தாங்கல். காலனிதான். அவரு பேரு வேணாம், பாவம், இருந்துட்டுப் போவட்டும். ஒரே பொண்ணு. மார்கரெட்டு. வெள்ளக்கார மிசியம்மா வச்ச பேரு. நான் இங்க வரச்சொல்ல அதுக்கு நாலு வயசு.”

அப்புறம் மகளைப் பார்த்ததே இல்லையா என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து சஹானாவின் குரல் கேட்டது.

“நான்தான் செத்துட்டேனே. கல்லறைல சிலுவை நட்டு என் பேரு எழுதிகீதாம். எங்கூருக்காரன் எல்லப்பன் இங்க தோட்ட வேலைக்கு வருவான், அவன் சொன்னான். வருசா வருசம் பொண்ணு வந்து சுண்ணாம்பு அடிச்சு, சாமந்திப்பூ வச்சுட்டுப் போவுதாம்.” நாடாவை நிறுத்தாமல் சிரித்தாள். “எனக்கு வக்கிற பூ தானே. வக்கட்டும்.”

முதலில் மார்கரெட்டின் மனசில் ஓடியது இது வேறு மார்கரெட் என்பதுதான். புளியந்தாங்கல் காலனியில் இன்னொரு மார்கரெட் யார் என்று நிஜமாகவே தேடிப் பார்த்தாள். முப்பத்தாறு வீடு இருந்த காலனி அது. அதற்குள் திரையில் அந்த அம்மாள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தக் காது அதுக்குக் கீழ கிழிஞ்சிருக்கும். நாய்க்குட்டி கடிச்சிடுச்சு. நான் களை எடுக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா ரத்தம். கம்மல் போட முடியாதே, நாளைக்கு எவன் கட்டுவான்னு அன்னிக்கெல்லாம் அழுதேன். அப்புறம் கல்யாணம் கட்டிக்கிச்சாம். ஆபீஸ் உத்தியோகமாம்.”

மார்கரெட்டின் இடது காதுமடல் கிழிந்திருந்தது. சற்று மேலே வேறு துளை போட்டுத்தான் கம்மல் மாட்டியிருந்தாள். சின்ன வயதில் ஆணி கிழித்தது என்று அப்பா சொல்லியிருந்தார். பிரபாவதி இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அந்தக் காதுதான் தெரியும். இருட்டில் அவள் தலை திரும்புவது தெரிந்தது. பிறகு அவள் கை வந்து மார்கரெட்டின் மணிக்கட்டைப் பிடித்தது. மார்கரெட் கையை இழுத்துக்கொண்டாள்.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். கைதட்டினார்கள். சஹானாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். மார்கரெட் எழுந்திருக்கவில்லை. யாரோ காகிதத் தட்டில் இரண்டு போண்டாவை அவள் கையில் வைத்தார்கள். அவள் அதை மென்று தின்றாள், சட்னியைத் தொட்டுக்கொண்டு, இரண்டையும். அன்றைக்கு நடந்தவற்றில் எதை எதையோ பின்னாளில் அவள் தனக்குத்தானே மன்னித்துக்கொண்டாள். அந்த இரண்டு போண்டாவை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

வீட்டில் அவள் அப்பா ஏசுபாதம் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. ஆண்டையின் நிலத்தில் சேற்றிலும் வெயிலிலும் கிடந்து, பிற்பாடு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாகி ஓய்வுபெற்றவர். அம்மா காலராவில் போய்விட்டாள் என்று சொன்ன ஒரு வருஷத்தில் சித்தியைக் கட்டிக்கொண்டார். சித்தியும் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. சித்தி நல்லவள். மார்கரெட்டை அடித்தது கிடையாது.

மார்கரெட் டிவியை அணைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எங்கம்மா எங்க செத்துச்சு?”

கிழவர் அவளைப் பார்த்தார். வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருந்தது. அவர் வாய் அதற்காகத் திறந்தும்விட்டது. பிறகு என்ன கண்டாரோ, மூடிக்கொண்டார். அவர் கேட்டது மார்கரெட் எதிர்பார்க்காத கேள்வி.

“பாத்தியா? எப்பிடி கீறா?”

 வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. அப்பாவையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள், ஆஸ்பத்திரியில் செத்துவிட்டதாக அவரிடமும் பொய் சொல்லியிருப்பார்கள் என்று. அது போயிற்று. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவர் சொன்னார். நடுவில் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அறுபத்தொன்றாம் வருஷம். சலோமியின் கன்னத்தில் படை வந்து, பிறகு கை மரத்து, அடுப்பில் சுட்டதுகூடத் தெரியாமல் போயிற்று. அந்த வீட்டு ஆள் யாரும் என் கழனியில் கால் வைக்கக் கூடாது என்று ஆண்டை சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே இருந்த காலனி, காலனிக்கு வெளியே போ என்று இவர்களுக்குச் சொன்னது. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. விடியற்காலையில் அவளை நடத்தியே கூட்டிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டு இல்லத்தில் விட்டார். திரும்பி வரும்போது அவள் செத்துவிட்டதாகச் சொல்வது என்று முடிவாகிவிட்டது. அப்போது உபதேசியார் தேவசகாயத்துக்கு மட்டும் உண்மை தெரியும். நோய்க்காரி வீட்டுப் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்க மாட்டார்கள், செத்தவள் பிள்ளை என்றால் சேர்ப்பார்கள் என்று அவர்தான் வழி சொன்னது.

“அப்ப அந்தக் குழியில இன்னா கீது?”

“அவ பொடவ. பாயி. சீப்பு. அவ துண்ற தட்டு. பெட்டியில போட்டு ஆணி அடிச்சிட்டோம். ஒட்டுவாரொட்டின்னு யாரும் கிட்ட வரல.”

ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளுக்குச் சிநேகாவையும் கூட்டிக்கொண்டு போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தது அதற்குத்தான். ஒரு தட்டுக்கும் சீப்புக்கும் மண்டிபோட்டு ஜெபம் பண்ணியிருக்கிறோம் என்று மார்கரெட் நினைத்தாள். எழுந்து போய் வாந்தியெடுத்தாள்.

திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள், நீ போய்ப் பார்த்தாயா என்று. மூன்று நாலு ஞாயிறு போனேன் என்றார். அப்புறம் ரெண்டாம் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசித்து அறிவித்தார்கள். அதன்பிறகு எந்த முகத்தோடு போவது.

“அவதான் சொன்னா, செத்துட்டேன்னு சொல்லிடுன்னு” என்றார் கடைசியில்.  அன்றிலிருந்து மார்கரெட் வேளாவேளைக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், வேட்டி துவைத்துப் போட்டாள். பேசவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். திருக்கழுக்குன்றத்தில் மாறிச் செங்கல்பட்டு, அங்கிருந்து ஆட்டோ. தறிக்கூடம் படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. சலோமி நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் கைகளை மூடிக்கொண்டு, கும்பிட்டாள்.

“வாங்க மேடம். ஆபீஸ் அந்தாண்ட கீது. ஐயா ஒம்போதரைக்கு வருவாரு.”

 மார்கரெட் வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை. தலைமுடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினாள்.

அழுது கட்டிக்கொள்வாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சலோமி பயந்துபோனாள். தறியிலிருந்து எழ முயன்று, கால் கட்டையில் இடித்து, மறுபடி உட்கார்ந்தாள். வாசல் பக்கம் பார்த்தாள், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று.

“உனக்கு யாரு சொன்னது?”

“படம் பாத்தேன்.”

“எந்தப் படம்? ஜெர்மனிலதான் காட்டுவேன்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு. வெள்ளக்காரங்க பாக்கறதுக்குன்னு சொல்லிச்சு. இங்க யாரும் பாக்க மாட்டாங்கன்னுதான் நான் உன் பேரையே சொன்னேன்.” நாடாவைத் தள்ளி வைத்தாள். “நாப்பத்திரண்டு வருசம் இந்த வாய்ல நான் உன் பேரை வெளிய சொன்னதில்ல. சீமையில யாருக்குத் தெரியப்போவுதுன்னு ஒரே ஒரு தபா சொன்னேன்.”

மார்கரெட் அவள் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியவில்லை. பயத்தினால் அல்ல, அந்த உரிமை தனக்கு உண்டா என்று தெரியவில்லை. செத்துவிட்டதாகச் சொல்லச் சொன்னது நீங்கதானா என்று கேட்டாள். அம்மாவை ‘நீ’ என்று கூப்பிட அவளுக்கு வரவில்லை.

சலோமி யோசித்தாள். “இங்க வுட வரச்சொல்ல அவருதான் இப்பிடிச் சொல்லிடட்டுமான்னு கேட்டாரு. சரின்னேன். வேற இன்னா சொல்லுவாங்க?”

அப்புறம் அவளே சிநேகாவின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தாள். எல்லப்பன் அதையும் சொல்லியிருந்தான். மாப்பிள்ளை என்ன வேலை, மாமியார் எப்படி என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்டாள். கிளம்பும்போது, ஜனவரி முடியும் வரைக்கும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஜானகிராமனிடம் மார்கரெட் அன்று மாலைதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன். நல்ல மனுஷன், ஊர்ப் பேச்சுக்கு மட்டும் பயந்தவர்.  கேட்டு முடித்ததும், அன்றைக்குக் கூடத்தில் படூர்க்காரர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை என்று மார்கரெட்டுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்த நிமிஷம் அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மறுநாள் அவரே பிரபாவதி வீட்டுக்குப் போய், அந்த அம்மாள் வருகிற பகுதியை மொத்தமாக வெட்டிவிடச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார்.

சஹானா ஓடிவந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண், வாசலிலேயே நின்று அழுதாள். ஜெர்மனிக்கு என்று சொன்னது பொய்யில்லை, அம்மா ஆசைப்பட்டாளே என்று இங்கே ஒரு தடவை போட்டேன், புளியந்தாங்கல் மார்கரெட் நீங்கதான்னு எனக்கு எப்படி ஆன்ட்டி தெரியும் என்றாள். தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பக்கத்திலிருந்த யாரோ ஒரு மார்கரெட்டுக்கு அது தெரிந்துவிடும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லையே என்று மார்கரெட் கேட்டாள்.

“வெட்டிடறேன் ஆன்ட்டி. இன்னிக்கே.”

“எங்க வூட்டுக்காரர் சொல்லி நீ வெட்ட வேணாம். பேசினது அவங்க. அவங்களைப் போய்க் கேளு.”

சஹானா போய்க் கேட்டாள். மகளின் பெயரையும் காதையும் எடுத்துவிடச் சொன்னாள் சலோமி. ஊர்ப் பெயரையும். மற்றதெல்லாம் இருக்கட்டும், என் கதைதானே, நான் சொன்னதுதானே என்றாளாம். தறியும் சிரிப்பும் சாமந்திப்பூவுமாக அந்தப் படம் செப்டம்பரில் ஜெர்மனிக்குப் போயிற்று.

ஆனால் கூடத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாசம் கழித்துப் படூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். காப்பி குடித்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். பரம்பரையாக வருகிற வியாதி இல்லை என்று எங்களுக்கும் தெரியும், நாங்களும் படித்தவர்கள்தான், இருந்தாலும் வீட்டில் பெண்டுகள் பயப்படுகிறார்கள், சிநேகாவுக்கு ஒரு டாக்டர் சர்டிபிகேட் மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்றார். ஜானகிராமன், அதற்கென்ன, நாளைக்கே வாங்கிவிடலாம் என்றார். உள்ளறையில் நின்றபடி மார்கரெட் எல்லாவற்றையும் கேட்டாள். ஆண்டையின் கழனியில் கால் வைக்காதே என்று அறுபத்தொன்றில் சொன்னது நேராக வந்து தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறது என்று தோன்றியது.

சிநேகாவுக்கு அதுவரை பாட்டியின் சங்கதி ஒன்றும் தெரியாது. கல்யாணம் முடியட்டும் என்று மறைத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஆபீஸிலிருந்து வந்ததும் மார்கரெட் உட்காரவைத்துச் சொன்னாள். சிநேகா கோபத்தில் வெளுத்துப்போனாள். அந்தக் கோபம் படூர்க்காரர் மேல் என்று மார்கரெட் நினைத்தாள்.

“ஒரு மாசமா எங்கிட்ட சொல்லல நீ. தாத்தா உனக்குப் பண்ணதத்தானம்மா நீ எனக்குப் பண்ண?”

மார்கரெட்டுக்கு யாரோ அறைந்ததுபோல இருந்தது.  

சர்டிபிகேட் வாங்க சிநேகா ஒப்பவில்லை. மாப்பிள்ளைப் பையன் இரண்டு தடவை போனில் கெஞ்சினான், அப்பாவுக்காக ஒரு பேப்பர்தானே என்று. மூன்றாவது தடவை அவள் போனை எடுக்கவில்லை. அக்டோபரில் நிச்சயதார்த்தச் சேலையைத் திருப்பி அனுப்பினார்கள். ஜானகிராமன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, தானே சட்டையை மாட்டிக்கொண்டு, நானும் உன்கூட அங்கே வருகிறேன் என்று கிளம்பினார்.

கல்யாணம் நின்றதைச் சலோமியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அன்று முழுக்கத் தறியில் உட்காரவில்லை. என் வாய்தான், என் வாய்தான் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று மார்கரெட் கூப்பிட்டாள். ஒரு நாளைக்கு வந்தாள். கட்டிலில் படுக்க மாட்டேன் என்று தரையில் படுத்தாள், தட்டைத் தானே கழுவி வைத்தாள். ஏசுபாதத்தை அன்றைக்கு அவர் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலையில், என் தறி சும்மா கிடக்கும் என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டாவது சனி, நாலாவது சனி மார்கரெட் போவது என்று ஆயிற்று. சில நாள் சிநேகாவும் வருவாள். சிநேகாவுக்குப் பாட்டியை ‘நீ’ என்று கூப்பிட ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மார்கரெட் புறப்படும்போது ஏசுபாதம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

“என்னியும் இட்டுகினு போ.”

ஏழு மாதமாக அவரோடு பேசாதவள், அன்றும் பேசாமல் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் வந்தார். பஸ்ஸில் அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

தறிக்கூடத்து வாசலில் அவரைப் பார்த்ததும் சலோமி நாடாவை நிறுத்தினாள். கைகளை மூடிக்கொள்ளவில்லை. யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

“பல்லெல்லாம் பூட்டுதா?”

கிழவர் வாய்விட்டு அழுதார். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வந்தார் போலிருக்கிறது. ‘ம’ என்றதற்கு மேல் வரவில்லை. கூடத்தில் மற்ற தறிகளும் நின்றுவிட்டன. கருப்பன் எழுந்து வந்து அவரைத் தாங்கிப் பிடித்தார்.

“வெயில்ல நிக்காத. அந்த வேப்ப மரத்தடில குந்து. தண்ணி குடுக்கச் சொல்றேன்” என்றாள் சலோமி. கருப்பன் அவரை வெளியே அழைத்துப் போனதும் நெசவைத் தொடர்ந்தாள். அரை மணி நேரம் மகளோடு பேசினாள். எதிர்த்த வார்டில் ஒருத்திக்குக் கண் ஆபரேஷன் ஆனது, நூல் சரியாக வராதது, சிநேகாவுக்கு ஆபீஸில் வேலை கூடியிருப்பது. வெளியே இருந்தவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மார்கரெட் எழுந்த பிறகுதான் சொன்னாள்.

“அடுத்த தபா நீ மட்டும் வா.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஏசுபாதம், ஊர் எல்லை தாண்டியதும் மெல்லக் கேட்டார். “இன்னா சொன்னா?”

மார்கரெட் ஒரு பொய்யை யோசித்தாள். சுலபமாகத்தான் வந்தது.

“என்னை மட்டும் வரச்சொல்லிச்சு” என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு திருக்கழுக்குன்றம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே பஸ் மாறவேண்டும். படிக்கட்டில் அவர் தடுமாறியபோது அவள் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கல்பாக்கம் பஸ் வரும் வரையில் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.